உள்பக்கம் பிடி இல்லாத கதவு

கடலடியில் ஓர் அறையைக் கண்டுபிடிப்பதாக ஒரு சினிமா வந்தது. பதினோரு வருடம் ஆகிறது. பார்த்தவர்களில் பாதிப்பேர் மறந்திருப்பார்கள், மீதிப்பேர் இன்னும் திட்டிக்கொண்டிருப்பார்கள். கதை முழுக்க, அந்த அறைக்குள் என்ன இருக்கிறது என்று விஞ்ஞானிகள் மண்டையைப் பிய்த்துக்கொள்கிறார்கள். அந்த அறையையும் அதன் வட்டக் கதவையும் செய்தவர் என் அண்ணன். உண்மையில் அதற்குள்ளிருந்து உயிரோடு வெளியே வந்த ஒரே ஜீவனும் அவர்தான். அது படத்தில் வராது.

அண்ணன் சினிமா செட் தச்சர். போன மாதம் இறந்துபோனார். வயது ஐம்பத்துநாலு.

செட்டில் அவருக்குக் குச்சி என்று பெயர். ஆள் ஒல்லி என்பதால் இல்லை, நல்ல ஆகிருதி. டேப் பிடித்து அளந்து எண்ணைக் குறித்துக்கொள்கிற பழக்கம் அவரிடம் கிடையாது. விரல் தடிமனில் ஒரு ரீப்பர் மரக் குச்சி வைத்திருப்பார். கதவு வர வேண்டிய இடத்தில் அதை நிறுத்தி, உயரத்துக்கு ஒரு கோடு, அகலத்துக்கு ஒரு கோடு, தாழ்ப்பாளுக்கு ஒரு கோடு என்று பென்சிலால் கீறிக்கொள்வார். அப்புறம் அதே குச்சியைப் பலகைமேல் வைத்துக் கோட்டுக்குக் கோடு அறுப்பார். பொருத்தினால் இடுக்கில் ஒரு தாள்கூட நுழையாது.

"எத்தனை அடிண்ணா?" என்று கேட்டால் குச்சியை நீட்டி, "இத்தன" என்பார்.

எட்டாவதோடு படிப்பை நிறுத்திவிட்டு ஒரு மரச்சாமான் பட்டறைக்குப் போனவர். அப்பா இல்லாத வீட்டில் நான் கல்லூரி முடித்து ஓர் இன்ஜினியரிங் காலேஜ் அலுவலகத்தில் உட்கார்ந்ததெல்லாம் அந்தப் பட்டறைச் சம்பளத்தில்தான். பட்டறை மூடியபோது தெரிந்தவர் ஒருவர் செட் வேலைக்கு அழைத்தார். நாலு மாதம் பார்க்கலாம் என்று போனார். நாலு மாதம் வருடங்களாயிற்று.

செட் வீடுகளுக்கு மூன்று சுவர்தான். நாலாவது சுவர் இருக்கும் இடத்தில் கேமரா நிற்கும். அலமாரிக்குக் கதவு இருக்கும், தட்டு இருக்காது. படிக்கட்டு ஏறினால் மேலே ஒன்றும் இருக்காது. "அரண்மனைக்கு ஆயுசு நாலு நாளு. அடுத்த வாரம் அதே பலகைல ஜெயில் கட்டுவோம்" என்பார் அண்ணன். சிரித்துக்கொண்டுதான் சொல்வார். ஆனால் பிரிக்கிற நாளில் அங்கே நிற்கமாட்டார், ஏதாவது வேலை சொல்லிக்கொண்டு முன்கூட்டியே வீட்டுக்கு வந்துவிடுவார்.

வந்தால் இருமல். காற்று வராத கொட்டகை. தெர்மகோலைச் சூட்டுக் கம்பியால் அறுக்கும் புகை, ஃபைபர் தூள், பசை வாடை. காலையில் எழுந்ததும் அரைமணி நேரம் இருமுவார். "இவரு இருமுறதால எதிர் வீட்ல யாரும் அலாரமே வைக்கிறதில்ல" என்பாள் அண்ணி. அவளும் சிரித்துக்கொண்டுதான் சொல்வாள். எனக்குச் சிரிப்பு வராது.

அவருக்கு நாற்பத்துமூன்று வயதானபோது எங்கள் காலேஜ் நோட்டீஸ் போர்டில் ஓர் அறிவிப்பு வந்தது. ஒரு படகு கட்டும் தளத்தில், படகின் உள்ளறை மரவேலைகளுக்கு ஆள் வேண்டும். மாதச் சம்பளம், மருத்துவ உதவி, திறந்த வெளியில் வேலை. நாற்பத்தைந்து வயதுக்கு மேல் எடுக்கமாட்டார்கள். ஒரு தேர்வு உண்டு. வரைபடம் ஒன்றைக் கையில் கொடுப்பார்கள், அதைப் பார்த்து இரண்டு மணி நேரத்தில் அந்தப் பாகத்தைச் செய்து காட்ட வேண்டும்.

எனக்கு அந்தத் தாளை விட்டுக் கண்ணை எடுக்க முடியவில்லை. அண்ணன் அந்தக் கொட்டகையிலிருந்து வெளியே வர வேறு வழி இருப்பதாகத் தெரியவில்லை. விண்ணப்பத்தை நானே நிரப்பினேன். வரைபடம் பார்த்து வேலை செய்யத் தெரியுமா என்று ஒரு கட்டம் இருந்தது.

"தெரியுமாண்ணா?"

"முப்பது வருஷமா பின்ன என்னத்த பண்றேன்?"

தெரியும் என்று டிக் போட்டேன்.

தேர்வுக்கு ஒரு மாதம் இருந்தது. தினமும் சாயங்காலம் அவர் வேலை முடிந்து வந்ததும், சமையலறை மேசையில் காலேஜிலிருந்து கொண்டுவந்த தாள்களை விரிப்பேன். கை கால் கழுவியதும் நேராக அங்கேதான் வந்து உட்கார வேண்டும். அப்படி ஒரு சட்டம் நான் போட்டது.

"இது மேலேர்ந்து பாக்குறது. இது பக்கத்துலேர்ந்து பாக்குறது. ரெண்டும் ஒரே சாமான்தான்."

"ஒரே சாமான்னா எதுக்கு ரெண்டு தடவ வரைஞ்சு வச்சிருக்கான்?"

"அண்ணா!"

"சரிங்க டீச்சர், சரி."

"இந்த விட்டுவிட்டு வர்ற கோடு என்ன?"

அடுப்படிப் பக்கம் திரும்பிப் பார்ப்பார்.

"உள்ள இருக்கு, வெளிய தெரியாதுன்னு அர்த்தம். நேத்துதான சொன்னேன்?"

"தெரியாதுன்னா விட்டுட்டுப் போக வேண்டியதுதான?"

அண்ணி அடுப்படியிலிருந்து, "விடும்மா, மனுஷன் பசியோட வந்திருக்காரு" என்பாள்.

"பத்தே நிமிஷம் அண்ணி."

பத்து நிமிஷம் ஒரு மணி நேரமாகும். சாப்பாடு மேசை ஓரத்தில் ஆறிப்போய்க் கிடக்கும். அண்ணனுக்கு அந்த நேரத்தில் அப்படி வியர்க்கும். ஜன்னலைத் திறந்துவிடுவேன். அளவு என்ன என்று கேட்டால் தாளைப் பார்க்காமல் என் முகத்தையே பார்ப்பார். "நாப்பத்தி…" என்று இழுப்பார், நான் முகம் சுளித்தால், "அம்பத்தி…" என்று மாற்றுவார். என் முகம் மலர்ந்ததும் நிறுத்திக்கொள்வார். பாடத்தில் அவ்வளவு கவனம் என்று நினைத்தேன். மாதக் கடைசியில் பத்துக்கு எட்டுச் சரியாகச் சொன்னார். அலுவலகத்தில் எல்லோரிடமும் சொல்லிப் பெருமைப்பட்டேன்.

அந்தக் கடலடிப் படத்துக்கு அப்போதுதான் செட் வேலை நடந்துகொண்டிருந்தது. அறையைக் கண்டுபிடித்தவர்கள் அதன் கதவைத் திறக்கிற காட்சி. வட்டமான கதவு, நடுவில் ஒரு சக்கரம். சக்கரத்தைச் சுற்றித் திறந்ததும், ஆயிரம் வருடமாக அடைந்து கிடந்த புகை ஒரே மூச்சில் வெளியே பாய வேண்டும் என்றார் டைரக்டர். சாதாரண செட் அறை புகையைப் பிடித்து வைக்காது. அதனால் அண்ணன் அதை மட்டும் நிஜமாகவே செய்தார். தடித்த பிளைவுட், நாலு பக்கமும் சுவர், மேலே கூரை, கதவைச் சுற்றி ரப்பர் பட்டை, உண்மையான தாழ்ப்பாள். தரையோரத்தில் புகைக் குழாய் நுழைய ஒரு கையகல ஓட்டை. சக்கரம் வெளிப்பக்கம் மட்டும்தான். உள்பக்கம் பிடி எதுவும் இல்லை. கேமரா உள்ளே போகப் போவதில்லை. கேமரா பார்க்காத எதையும் செட்டில் யாரும் செய்யமாட்டார்கள்.

தேர்வு நாள் வந்தது. இரண்டு மணிக்குப் படகுத்தளத்தின் கேட்டைச் சாத்திவிடுவார்கள். அண்ணன் காலையில் செட்டுக்குப் போய்விட்டுப் பன்னிரண்டு மணிக்குக் கிளம்பி நேராக வந்துவிடுவதாக ஏற்பாடு. சான்றிதழ்களோடு நான் கேட்டில் நிற்பேன். ஒரு மணிக்கே போய் நின்றுவிட்டேன்.

ஒன்றரை ஆயிற்று. போன் போட்டேன், மணி அடித்துக்கொண்டே இருந்தது. மறுபடி போட்டேன். மற்ற ஆட்கள் கருவிப் பையோடு ஒவ்வொருவராக உள்ளே போனார்கள். வெயிலில் ஒவ்வொரு பஸ்ஸாகப் பார்த்தேன். பதினாலு தடவை கூப்பிட்டிருக்கிறேன். கேட்காரர் கடிகாரத்தைக் காட்டி, "அம்மா, மணி ரெண்டு" என்றார்.

"ரெண்டு நிமிஷம்ங்க, வந்துருவாரு."

அவர் நல்ல மனிதர். ஐந்து நிமிடம் பார்த்தார். அப்புறம் சாத்திவிட்டார்.

சாயங்காலம் அண்ணன் வீட்டுக்கு வந்தபோது தலைமுடியில் இடுக்கு அடைக்கிற பட்டி ஒட்டியிருந்தது. "மாட்டிக்கிட்டேம்மா" என்றார். நடந்ததைச் சொன்னார். காலை ஒத்திகையில் எங்கேயோ புகை கசிந்திருக்கிறது. கிளம்புமுன் சரிபண்ணிவிடலாம் என்று உள்ளே போயிருக்கிறார். உதவி ஆர்ட் டைரக்டர் ஒரு பெண். காதில் எப்போதும் பிரஷ் சொருகியிருப்பதால் அவளைப் பிரஷ் என்றுதான் கூப்பிடுவார்கள். அண்ணன் அவளைக் கதவைச் சாத்தச் சொல்லி, வெளியிலிருந்து டார்ச் அடிக்கச் சொல்லியிருக்கிறார். உள்ளே இருட்டில் எந்த இடுக்கில் வெளிச்சம் வருகிறதோ அங்கேதான் கசிவு. அவள் சுற்றிச்சுற்றி டார்ச் அடித்திருக்கிறாள். இடையில் யாரோ அவசரமாக எதையோ வாங்கிவர அனுப்ப, அப்படியே ஓடிவிட்டாள். திறக்க மறந்துபோனாள். ஹீரோ வரத் தாமதமென்று சாப்பாட்டு இடைவேளையும் நீண்டுவிட்டது. அண்ணனின் போன் வெளியே ஆணியில் மாட்டிய சட்டையில். மூன்று மணிக்கு எல்லோரும் வந்து கதவைத் திறந்தபோதுதான் வெளியே வந்தார்.

"கத்தலையாண்ணா?"

"கத்துனேன். யார் காதுலயும் விழல."

"கையில உளி இருந்துச்சுல்ல? ஒடச்சிட்டு வர வேண்டியதுதான?"

"ஓட்ட போட்டா பொக நிக்காதும்மா. ஹீரோவுக்கு இன்னிக்கு ஒருநாள்தான் டேட். நாப்பது பேர் பொழப்பு."

எனக்கு அழுகையாக வந்தது, பெருமையாகவும் இருந்தது. தன் கையிலேயே உளி இருந்தும் அடுத்தவர் வேலை கெடக்கூடாது என்று இருட்டில் உட்கார்ந்திருந்த மனிதர். இந்தக் கதையை எத்தனை பேரிடம் சொல்லியிருக்கிறேன் என்று கணக்கே இல்லை.

கோபம் முழுக்கப் பிரஷ் மேல் போயிற்று. மறுநாளே லீவு போட்டுவிட்டுச் செட்டுக்குப் போனேன்.

"கண்ண எங்க வச்சிருந்தே? உள்ள ஒரு மனுஷன் இருக்கான்னு ஞாபகம் இல்ல? உன் அண்ணனா இருந்தா மறப்பியா?"

அவள் தலையைக் குனிந்துகொண்டு, "மறந்துட்டேங்க்கா" என்றாள். அதற்குமேல் ஒரு வார்த்தை பேசவில்லை. பேசாததற்கும் சேர்த்துத் திட்டினேன்.

படம் ஆறு மாதத்தில் வந்தது. முதல் நாளே நாங்கள் எல்லோரும் போனோம். அண்ணன், அண்ணி, பிள்ளைகள், நான். முதல் பாதியில் விஞ்ஞானிகள் நீர்மூழ்கியில் சண்டை போட்டார்கள். பிறகு காதலித்தார்கள், மறுபடி சண்டை போட்டார்கள். ஏதோ ஒரு நிழல் இரண்டு தடவை ஜன்னலைக் கடந்தது. அது என்ன என்று கடைசிவரை யாரும் சொல்லவில்லை. ஒருவழியாக ஹீரோ அந்தச் சக்கரத்தைச் சுற்றினார். கதவு திறந்தது, புகை பாய்ந்தது. ஹீரோ உள்ளே எட்டிப் பார்த்தார். அவர் முகத்தில் நீல வெளிச்சம். கண்ணில் தண்ணீர். "இத்தனை நாள் இதையா தேடினோம்?" என்றார். படம் முடிந்துவிட்டது. உள்ளே இருப்பதைக் காட்டக் கிராபிக்ஸ் செய்யத் தயாரிப்பாளரிடம் பணம் இல்லையாம், பிறகு கேள்விப்பட்டோம்.

தியேட்டரில் விளக்கைப் போட்டார்கள். அப்புறம் ஆரம்பித்தார்கள்.

"டேய், எங்களுக்கும் காட்டுங்கடா!"

"உள்ள டிக்கெட் கவுண்டர் இருக்கும். போய்க் காச வாங்கிட்டு வாடா!"

எனக்கு எரிந்தது. இந்தக் கண்றாவிக்காகவா அந்தக் கேட் சாத்தப்பட்டது? அண்ணனைத் திரும்பிப் பார்த்தேன். அவர் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். "பாத்தியா, ஒரு எடத்துலகூட பொக கசியல" என்றார்.

அதற்கடுத்த பத்து வருடமும் கொட்டகைதான். படகுத்தளத்தில் மறுபடி ஆள் எடுத்தபோது அவருக்கு நாற்பத்தேழு. இருமல் காலையில் மட்டும் என்பது போய் எந்நேரமும் ஆயிற்று. எக்ஸ்ரேயைப் பார்த்த டாக்டர், "எத்தனை வருஷமா இந்தத் தூசில இருக்கீங்க?" என்று கேட்டார். அண்ணன் விரலை மடக்கி எண்ணப் பார்த்துவிட்டு என்னைக் காட்டினார், நான் பதில் சொன்னேன். கடைசி ஐந்து மாதம் ஒரே அறை, ஒரு கட்டில், மூக்கில் குழாய். குழாயின் நீளம் எவ்வளவோ அவ்வளவுதான் நடமாட்டம். ஜன்னல்வரை வரும், வாசல்வரை வராது. நான் தினமும் போய்ப் பக்கத்தில் உட்காருவேன். அந்த ஒரு நாள் மட்டும் அந்தக் கதவு சாத்தாமல் இருந்திருந்தால் என்று ஆரம்பிப்பேன். அவர் கண்ணை மூடிக்கொள்வார். மூச்சு வாங்குகிறது என்று நிறுத்திவிடுவேன்.

பிரஷ் இதற்குள் தனி ஆர்ட் டைரக்டர் ஆகிவிட்டிருந்தாள். அண்ணனைப் பார்க்க வருவாள். அவள் வரும்போது நான் அறையைவிட்டு எழுந்து போய்விடுவேன். அண்ணியிடம் அவளைப் பற்றிப் பேசும்போது பெயர்கூடச் சொன்னதில்லை. 'கதவு சாத்துனவ' என்றுதான் சொல்வேன்.

அண்ணன் போன மறுநாள் வீட்டுமுன் வாடகை நாற்காலிகள் போட்டிருந்தது. யூனிட் ஆட்கள் வந்துகொண்டிருந்தார்கள். மத்தியானம்போல வந்தவர் தன்னை அந்தப் பழைய கொட்டகையின் வாட்ச்மேன் என்று சொல்லிக்கொண்டார். என்னைத் தெரியவில்லை அவருக்கு. ஏதாவது நல்லதாகச் சொல்ல வேண்டும் என்று, அண்ணனைப்போல வேலைப் பைத்தியம் பார்த்ததில்லை என்றார்.

"ஒரு தடவ சாப்பாட்டு நேரம். எல்லாம் வெளிய போயாச்சு. அந்தக் கடல் பட ரூமுக்குள்ள டொக்கு டொக்குனு சத்தம். குழாய் ஓட்ட வழியா, யாருன்னேன். நான்தாங்க குச்சின்னாரு. தொறக்கட்டுமான்னேன். வேணாம், பட்டி காயட்டும்னாரு."

நான் நாற்காலியை அவர் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டேன்.

"சட்டைல போன் அடிச்சிட்டே இருந்துச்சும்மா. எடுத்து உள்ள குடுக்கவான்னு கேட்டேன். அடிக்கட்டும், என் தங்கச்சிதான்னாரு."

"அப்புறம்?"

"அப்பப்ப மணி கேட்டாரு. ஒண்ணே முக்கால்னேன். ரெண்டுன்னேன். ரெண்டரன்னதும், 'அப்பாடா, கொஞ்சம் கால நீட்டிக்கிறேன்'னாரு. மூணுக்கு, 'இப்ப தொறங்க'ன்னாரு. எந்திரிச்சுப் போறதுக்குள்ள மத்தவங்க வந்துட்டாங்க. வேலைன்னு வந்துட்டா சோறு தண்ணி வேணாம் அவருக்கு." என் முகத்தைப் பார்த்துவிட்டு, "நீங்க யாரும்மா?" என்று கேட்டார்.

"தங்கச்சி" என்றேன்.

பெரியவர் சட்டென்று எழுந்துவிட்டார். "நான் எதுவும் தப்பா சொல்லிட்டேனாம்மா?"

"இல்லங்க. உக்காருங்க."

அவரால் உட்கார முடியவில்லை. சொல்லிக்கொண்டு போய்விட்டார். பிரஷ் கடைசி நாற்காலியில் தனியாக உட்கார்ந்திருந்தாள். காலையிலிருந்து அங்கேதான் இருந்திருக்கிறாள், நான்தான் அந்தப் பக்கம் பார்க்கவில்லை. எழுந்து போய் அவள் எதிரில் நின்றேன். அவள் எழுந்துகொண்டாள்.

"அன்னிக்கு அவரு வேணும்னேதான் உள்ள இருந்தாராம். வாட்ச்மேன் இப்பதான் சொன்னாரு. நீ சாத்துனதால இல்ல. உன்ன நான் இத்தன வருஷமா…"

"தெரியும்க்கா."

"என்ன தெரியும்?"

"அன்னிக்கு சாயங்காலமே தெரியும். நான் அழுதுட்டே போய் மன்னிப்பு கேட்டேன். அண்ணன் சிரிச்சாரு. 'அழாத பிரஷ்ஷு, நீ பண்ணது பெரிய உதவி. நாளைக்கு என் தங்கச்சி வந்து கத்துவா. மறந்துட்டேன்னு மட்டும் சொல்லு, மத்தத நான் பாத்துக்கிறேன்'னாரு."

"வேற யாருக்குத் தெரியும்?"

அவள் தயங்கினாள். "யூனிட்ல எல்லாருக்கும்க்கா."

"அண்ணிக்கு?"

வீட்டுக்குள்ளே அண்ணி இருந்த பக்கம் திரும்பிப் பார்த்தாள்.

"நீங்க என்னத் திட்டுனத அப்பப்ப எங்கிட்ட கேப்பாரு, என்ன சொன்னா, அப்படியே சொல்லுன்னு. நானும் உங்கள மாதிரியே கையை ஆட்டி ஆட்டி செஞ்சு காட்டுவேன். கண்ணுல தண்ணி வர்ற வரைக்கும் சிரிப்பாரு." சொல்லிவிட்டு, சொல்லியிருக்கக்கூடாதோ என்று என்னைப் பார்த்தாள்.

"அவருக்கு வரைபடம் பாக்க வரலையா?"

"எண் படிக்கவே வராதுக்கா. எழுத்தும் தடுமாறும். எனக்கு முன்ன வேற யாராவது படிச்சுக் காட்டுவாங்க, அப்புறம் நானு. நான் படிச்சு சொல்லுவேன், டேப்ல காட்டுவேன், அவரு குச்சில கோடு போட்டுக்குவாரு. அங்க போனா யாரு படிச்சுக் காட்டுவாங்கன்னு ஒரே பயம்."

"எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே."

அவள் தரையைப் பார்த்தாள். "நாலஞ்சு நாள் சொல்லணும்னே வீட்டுக்கு வந்தாராம்க்கா. நீங்க தாளை விரிச்சு வச்சிட்டு உக்காந்திருப்பீங்களாம்."

பக்கத்து வீட்டுப் பெண் தட்டில் டீ கொண்டுவந்தாள். நான் ஒரு டம்ளரை எடுத்துப் பிரஷ்ஷிடம் நீட்டினேன். பதினோரு வருடத்தில் நான் அவளுக்கு ஒரு வாய்த் தண்ணீர் கொடுத்ததில்லை.

"வேணாம்க்கா. இப்பதான் குடிச்சேன்."

"பரவால்ல, குடி."

"இல்லக்கா, நெஜமாவே…"

"குடின்னு சொல்றேன்ல?"

வாங்கிக்கொண்டாள். சூடு ஆறக்கூட விடாமல், என் முகத்தைப் பார்த்துக்கொண்டே குடித்தாள்.